துணி சீட்டும் நெடும்பயணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலிருந்து திருச்சி, மதுரை, நாகர்கோவில் என்று ஐந்து மணி முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை காரில் உட்கார்ந்து போகிறவர்கள் துணி சீட்டைப் பற்றி வழக்கமாகக் கேட்பவை இவை. அளவுகள் பொதுவானவை. உங்கள் காரின் கையேடு வேறு மாதிரி சொன்னால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

புதுக் கார் எடுக்கும்போதே ரெக்சின் கவர் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

நம் ஊர் வெயிலில் தூரப் பயணம் போகிறவருக்கு அது தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. கம்பெனி துணி சீட்டில் மேலே பாலியஸ்டர் துணி இருக்கும். அதன் முதுகில் சில மில்லிமீட்டர் கனத்தில் மெல்லிய ஸ்பாஞ்ச் ஒட்டியிருக்கும். அதற்கும் கீழே அச்சில் வார்த்த பாலியூரித்தேன் குஷன். மூன்றிலும் காற்று புகுந்து வெளியேறும். முதுகிலும் தொடையிலும் வரும் வியர்வை அந்த வழியாக ஆவியாகிப் போகிறது. மேலே பி.வி.சி. ரெக்சினை இழுத்து மாட்டினால் அந்த வழி அடைபடுகிறது. ஏசி எவ்வளவு குளிர்ந்தாலும் சட்டையின் பின்பக்கம் நனைந்தே இருக்கும். மதிய வெயிலில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தால் சுடவும் செய்யும்.

ஆனால் வாடகைக்கு ஓடும் கார், கைக்குழந்தை இருக்கும் வீடு, நாய் ஏறும் பின்சீட் என்றால் ரெக்சினில் நியாயம் உண்டு. கொட்டியதை ஒரு துடைப்பில் எடுத்துவிடலாம். அப்போதும் எல்லா சீட்டுக்கும் போடாமல், பின்சீட்டுக்கு மட்டும் கழற்றி மாட்டும் விரிப்பு வாங்கினால் போதும்.

கவர் போட்டால் ஏர்பேக் வேலை செய்யாது என்கிறார்களே?

சீட்டின் வெளிப்பக்க ஓரத்தில், கதவை ஒட்டி, 'ஏர்பேக்' என்று எழுதிய சின்னத் துணிப்பட்டி தைத்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் பக்கவாட்டு ஏர்பேக் அந்தச் சீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மோதும்போது அது சீட்டின் தையலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வர வேண்டும். மேலே சாதாரணக் கவர் இறுக்கமாகத் தைத்திருந்தால் பை விரிவது தாமதமாகும், அல்லது கோணல் திசையில் விரியும். கவர் வேண்டும் என்றால் உங்கள் மாடலுக்கென்றே, அந்த இடத்தில் பிரியும் தையல் வைத்துத் தயாரித்ததை மட்டும் வாங்குங்கள். தெருமுனைக் கடையில் கத்தரித்துத் திறப்பு வைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம்.

முன்பயணி சீட்டின் குஷனுக்கு அடியில், ஆள் உட்கார்ந்திருப்பதைக் கண்டறியும் உணரி பல கார்களில் உண்டு. பெல்ட் போடச் சொல்லிப் பீப் அடிப்பது அதனால்தான். தடித்த கவர் அதை அழுத்திக்கொண்டே இருந்தால், ஆளே இல்லாமல் பீப் கேட்கும்.

200 கி.மீ. தாண்டினால் இடுப்பு வலிக்கிறது. குஷன் வாங்கினால் சரியாகுமா?

முதலில் சீட்டைச் சரியாக வையுங்கள். பெரும்பாலான இடுப்புவலிக்குக் காரணம் குஷன் இல்லை, சீட் வைத்திருக்கும் நிலைதான். வரிசை முக்கியம், ஏனென்றால் ஒன்றை மாற்றினால் அடுத்தது மாறும்.

பின்பாக்கெட்டில் இருக்கும் பர்ஸையும் போனையும் எடுத்து வெளியே வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் பர்ஸ் இருந்தால் இடுப்பு எலும்பு சாய்ந்து, பிட்டத்தின் வழியே காலுக்கு இறங்கும் நரம்பு மணிக்கணக்கில் அழுந்தும். காலில் மின்சாரம் பாய்ந்த மாதிரி வலி இறங்குகிறது என்பவர்களில் பலருக்கு இதை எடுத்தாலே பாதி குறையும்.

அடுத்து, பின்புறம் சாய்மானத்தின் மூலைவரை நன்றாக ஒட்டும்படி உட்காருங்கள். கிளட்சை முழுதாக மிதியுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக்கை. கடைசிவரை மிதித்த பிறகும் முழங்கால் சற்று மடிந்தே இருக்கும்படி சீட்டை முன்பின் நகர்த்துங்கள். கால் நீட்டி விறைத்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு முன்னால் வழுக்கும்.

உயரம்: இடுப்பு முழங்காலுக்குச் சமமாகவோ ஒரு விரல் மேலாகவோ இருக்கட்டும். தலைக்கும் கூரைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி வேண்டும். சாய்மானம் 100 முதல் 110 டிகிரி. செங்குத்தாக 90 டிகிரியில் உட்கார்ந்தால் முதுகெலும்பின் வட்டுகளில் அழுத்தம் கூடும். 120 தாண்டிச் சாய்ந்தால் சாலையைப் பார்க்கக் கழுத்து முன்னால் நீளும், வலி இடுப்பிலிருந்து கழுத்துக்கு மாறும், அவ்வளவுதான்.

தோளைச் சாய்மானத்திலிருந்து எடுக்காமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் பட வேண்டும். நெஞ்சுக்கும் ஸ்டீயரிங் நடுவுக்கும் குறைந்தது 25 செ.மீ. இருக்கட்டும்; அதற்கும் கிட்டே இருந்தால் ஏர்பேக்கே காயப்படுத்தும். ஹெட்ரெஸ்டின் மேல் விளிம்பு தலை உச்சிக்கு நேராக, குறைந்தபட்சம் காதுக்கு மேலாவது வர வேண்டும். அதைக் கழுத்துத் தலையணை என்று நினைத்து இறக்கி வைப்பவர்கள்தான் அதிகம். பின்னாலிருந்து வண்டி இடிக்கும்போது தலை பின்னுக்கு மடங்காமல் தாங்குவதே அதன் வேலை.

எல்லாம் முடித்தபின் நடுக்கண்ணாடியைச் சரிசெய்யுங்கள். இதில் ஒரு சௌகரியம் உண்டு. ஒன்றரை மணி நேரம் கழித்துக் கண்ணாடி மேலே பார்க்கிற மாதிரி தோன்றினால், கண்ணாடி நகரவில்லை, நீங்கள் சரிந்திருக்கிறீர்கள். கண்ணாடியைத் தொடாமல் நிமிர்ந்து உட்காருங்கள்.

இடுப்புத் தாங்கல் இல்லாத அடிப்படை மாடல். என்ன செய்வது?

ஈரிழைத் துண்டு ஒன்றை உருளையாகச் சுற்றி, பெல்ட் கட்டும் இடத்துக்கு நேராக வையுங்கள். சாய்ந்ததும் அமுங்கி 3, 4 செ.மீ. கனம் நின்றால் போதும். கனமாக வைத்தால் தோள்பட்டை சாய்மானத்தை விட்டு விலகிவிடும். துண்டு நழுவாமல் இருக்க அதன் இரு முனைகளிலும் நாடா கட்டி, சீட்டுக்குப் பின்னால் முடிச்சுப் போடலாம். சாய்மானத்தின் ஓரத்தில் ஏர்பேக் பட்டி இருக்கும் சீட்டில் மட்டும் நாடாவைச் சுற்றிக் கட்டாதீர்கள். காசு கொடுத்து வாங்கும் தாங்கல்களில் பலவும் தேவைக்கு மேல் தடிமனானவை. துண்டில் சரியாக வரும் கனத்தைப் பார்த்துவிட்டு வாங்கினால் ஏமாற மாட்டீர்கள்.

தொடை மரத்துப் போகிறது, பாதம் வீங்குகிறது.

சீட்டின் முன்விளிம்பு முழங்காலின் பின்பக்கத்தை அழுத்துகிறது. விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு, மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் சீட்டை ஒரு படி இறக்குங்கள், அல்லது சாய்மானத்தில் துண்டு வைத்து உடம்பை முன்னால் கொண்டுவாருங்கள். எவ்வளவு நல்ல சீட்டாக இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிப் பத்து, பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அதைக் களைப்பு என்று விட்டுவிடாமல் டாக்டரைப் பாருங்கள்.

மர மணி விரிப்பு, ஜெல் குஷன், மெமரி ஃபோம்: எது நல்லது?

மர மணி விரிப்பைப் பழைய டாக்ஸிச் சமாச்சாரம் என்று சிரிப்பவர்கள் உண்டு. முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவே காற்று ஓட அதைவிட மலிவான வழி இல்லை. குறை என்னவென்றால், நாளடைவில் மணிகள் துணியின் மேல்நூலைத் தேய்த்துப் பிசிறு கிளப்பும். அடியில் பருத்தித் துணி ஒன்று விரித்துப் போடுங்கள். ஜெல் முதல் அரைமணிக்குக் குளிர்ச்சியாக இருக்கும், பிறகு உடல் சூட்டை வாங்கிக்கொண்டு அப்படியே வைத்திருக்கும். மெமரி ஃபோம் வெயிலில் நின்ற காரில் தளதளவென்று ஆகிவிடும். தாங்க வேண்டிய நேரத்தில் தாங்காது.

எதை வாங்கினாலும் 3 செ.மீ.க்கு மேல் கனம் வேண்டாம். உயர்ந்து உட்கார்ந்தால் ஹெட்ரெஸ்டும் ஸ்டீயரிங்கும் வைத்த கணக்கு மாறும். அடியில் வழுக்கும் குஷன் இன்னும் மோசம்: திடீர் பிரேக்கில் குஷனோடு உடம்பும் முன்னால் போய், இடுப்பு பெல்ட் எலும்பை விட்டு வயிற்றுக்கு ஏறிவிடும்.

பக்கத்துச் சீட்டில் இருப்பவர் முழுதாகச் சாய்த்துப் படுத்தாலும் இதே ஆபத்துதான். தூக்கம் வந்தால் கொஞ்சம் சாயலாம், படுக்கக் கூடாது.

பயணம் முடிந்து வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

முதலில் வேக்குவம். முறுக்குத் துகள், மணல், தலைமுடி எல்லாம் சாய்மானமும் இருக்கையும் சேரும் இடுக்கில்தான் கிடக்கும். குறுகிய மூக்கு மாட்டி, இன்னொரு கையால் இடுக்கை விரித்து உறிஞ்சுங்கள். கடற்கரைக்குப் போய் வந்திருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். மணல் துகள் கூரானது. ஒவ்வொரு முறை உட்காரும்போதும் நூலை அடியிலிருந்து அறுக்கும்.

இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈரச் சுத்தம் போதும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி., பாத்திரம் கழுவும் திரவம். நன்றாகக் கலக்கி, மேலே நிற்கும் நுரையை மட்டும் மென்மையான பிரஷ்ஷில் எடுத்து, ஒரு தையலிலிருந்து அடுத்த தையல்வரை ஒரே மூச்சில் தேயுங்கள். அழுத்தம் வேண்டாம். மைக்ரோஃபைபர் துணியைச் சுத்தமான நீரில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, சோப்பு போகும்வரை இரண்டு மூன்று முறை துடைத்தெடுங்கள். சோப்பு தங்கினால் பிசுபிசுத்து, அடுத்த வாரமே முன்னைவிட வேகமாக அழுக்குப் பிடிக்கும்.

காலையில் செய்யுங்கள். நான்கு கதவையும் நிழலில் திறந்து வைத்தால் மதியத்துக்குள் காய்ந்துவிடும்.

தண்ணீர் ஊற்றிக் கழுவினால் இன்னும் சுத்தமாகாதா?

ஆகாது, துணி சீட்டுக்கு நடக்கும் கெடுதலில் பெரும்பாலானது இப்படித்தான் நடக்கிறது. துணி ஒரு மணியில் காய்ந்துவிடும், தொட்டுப் பார்த்துத் திருப்தியும் அடைவோம். அடியில் இருக்கும் குஷன் குடித்த தண்ணீர் இரண்டு மூன்று நாளானாலும் வெளியேறாது. மூடிய காரில் அந்த ஈரத்தோடு வெயில் சூடும் சேர்ந்தால் பூஞ்சை பிடிக்கும். சீட்டுக்கடியில் மஞ்சள் நிற ஒயர் இணைப்பான்கள் தெரிந்தால் அவை ஏர்பேக்குக்கும், மோதும்போது பெல்ட்டை இறுக்கும் இழுப்பானுக்கும் உரியவை. அங்கே நீர் போய்த் துரு பிடித்தால் டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரியும், பில்லும் பெரிதாக வரும்.

வாட்டர் சர்வீஸ் கடையில் உள்ளே பிரஷர் தண்ணீர் அடிக்க விடாதீர்கள். ஆழமாகச் சுத்தம் செய்தே ஆக வேண்டும் என்றால், தண்ணீரைத் தெளித்து அதே நொடியில் திரும்ப உறிஞ்சும் எக்ஸ்ட்ராக்டர் மெஷின் வைத்திருக்கும் இடமாகப் பாருங்கள்.

எந்தக் கறைக்கு என்ன?

எல்லாவற்றுக்கும் பொது: வெள்ளைத் துணியால் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள், கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் போங்கள். எந்த மருந்தையும் முதலில் சீட்டுக்கடியில் தெரியாத மூலையில் வைத்து, காய்ந்தபின் நிறம் போகவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

சாம்பார், குழம்பு, மஞ்சள்: இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். துணி துவைக்கும் பவுடரோ சமையல் சோடாவோ போட்டதும் மஞ்சள் கறை செங்காவியாக மாறும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அதே வேதியியல்தான். சோடா, சுண்ணாம்பு போன்ற காரப்பொருள் (மிளகாய்க் காரம் அல்ல) பட்டால் மஞ்சளின் நிறமி சிவக்கும். ஆகவே காரப்பொருள் எதையும் தொடாதீர்கள். ஸ்பூனால் வழித்தெடுத்து, குளிர்ந்த நீரில் ஒற்றி, ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து ஒற்றுங்கள். மஞ்சளின் நிறமி நீரில் அவ்வளவாகக் கரையாது, ஆல்கஹாலில் கரையும். மெடிக்கலில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து ஒற்றினால் பஞ்சு மஞ்சளாவதைப் பார்க்கலாம். பஞ்சை மாற்றிக்கொண்டே இருங்கள். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும்: வெளிச்சம் பட்டால் மஞ்சள் வெளுக்கும் என்பதால், கதவைத் திறந்து சில நாள் நேர் வெயில் படும்படி நிறுத்துங்கள்.

பால், காபி, டீ: குளிர்ந்த நீர் மட்டும். வெந்நீர் பட்டால் பால் புரதம் நூலில் இறுகிவிடும். குழந்தையின் பால் பாட்டில் கவிழ்ந்தது என்றால் அன்றே பாருங்கள். குஷனில் இறங்கிய பால் மறுநாள் வெயிலில் புளித்து, வாரக்கணக்கில் நாறும். குளிர்ந்த நீர் தெளித்து வெட் வேக்குவத்தில் உறிஞ்சுவதை நாலைந்து முறை செய்துவிட்டு, என்சைம் கிளீனர் போட்டு டப்பாவில் சொன்ன நேரம் ஊறவிடுங்கள். வாந்திக்கும் சிறுநீருக்கும் இதே முறை.

பஜ்ஜி எண்ணெய், ஹெட்ரெஸ்டில் தலை எண்ணெய்: டால்கம் பவுடரோ சோள மாவோ தூவி ஒரு மணி விட்டு, வேக்குவம் செய்து, பிறகு பாத்திர சோப்பு நுரை. கடலை மாவு வேண்டாம். அதுவே மஞ்சள் ஏற்றிவிடும்.

குங்குமம், திருநீறு, சந்தனம்: கோயிலுக்குப் போய் வரும் காரில் தவிர்க்க முடியாது. ஈரத் துணியால் துடைத்தால் குங்குமம் சாயமாகி இறங்கும். முதலில் தட்டாமல் வேக்குவத்தில் உறிஞ்சுங்கள், பிறகு ஒட்டு டேப்பால் எடுங்கள், கடைசியில்தான் ஈரம். சந்தனத்தையும் சேற்றையும் முழுதாகக் காயவிட்டுப் பிரஷ்ஷால் உதிர்க்க வேண்டும்.

பேனா மைக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால். சூயிங்கத்துக்கு ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்து, இறுகியதும் பெயர்த்தெடுங்கள். ரத்தத்துக்குக் குளிர்ந்த நீர். பெட்ரோல், தின்னர், அசிட்டோன், பிளீச் எதற்குமே கூடாது; முதல் மூன்றும் பட்டால் துணியையும் மெல்லிய ஸ்பாஞ்சையும் சேர்த்திருக்கும் ஒட்டு விட்டு, சீட் கொப்புளமாகப் புடைக்கும்.

கறை போய்விட்டது, மறுநாள் திரும்ப வந்துவிட்டதே?

மேல்துணி காயும்போது குஷனில் மிச்சமிருந்த அழுக்குநீர் மேலே ஏறி, ஆவியாகும் இடத்தில் அழுக்கை விட்டுப் போகிறது. சுத்தமான நீரில் லேசாக நனைத்து, மேலே நாலாக மடித்த வெள்ளைத் துண்டை வைத்து, அதன்மேல் கனமான எதையாவது ஏற்றி இரவு முழுக்க விடுங்கள். அழுக்கு துண்டுக்கு ஏறிவிடும். வட்ட வட்டமாக நீர்க்கோடு விழுவதும் இதே காரணத்தால்தான். கறை பட்ட இடத்தை மட்டும் நனைக்காமல் தையல் முதல் தையல்வரை முழுப் பாகத்தையும் ஒரே சீராக நனைத்துத் துடைத்தால் கோடு விழாது.

உள்ளே நாற்றம் வருகிறது. சீட்டா, ஏசியா?

ஏசி போட்ட முதல் நிமிடம் அடித்துவிட்டுக் குறைந்தால் ஏசி. கேபின் ஃபில்டரையும் கூலிங் காயிலையும் பாருங்கள். வெயிலில் நின்ற காரைத் திறந்ததும் அடித்தால் சீட் அல்லது தரைவிரிப்பு. சீட் என்றால் சமையல் சோடாவைச் சீராகத் தூவி ஓர் இரவு விட்டு வேக்குவம் செய்யுங்கள், மஞ்சள் கறை இருந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு. ரச கற்பூர உருண்டை (நாப்தலீன்) போடும் பழக்கத்தை நிறுத்துங்கள். மூடிய காரில் அதன் ஆவி தலைவலி, குமட்டல் தரும், குழந்தைகளுக்கு இன்னும் ஆபத்து.

மழைக்காலத்துக்குத் தனிக் கவனம் உண்டா?

ஐப்பசி, கார்த்திகையில் சீட் காயவே காயாது என்பார்கள். நனைந்து ஏறினால் ஏசியை வெளிக்காற்று நிலையில் வைத்து, கொஞ்சம் சூட்டோடு ஓட்டுங்கள். ஏசி காற்றிலிருந்து ஈரத்தை எடுத்துவிடும். குடையைச் சீட்டில் வைக்காமல் தரை மிதியடியில் வையுங்கள். சீட் காய்ந்திருந்தும் முன்பயணியின் காலடி விரிப்பு ஈரமாகவே இருந்தால், பெரும்பாலும் ஏசி நீர் வடியும் குழாய் அடைத்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் சீட்டைச் சுத்தம் செய்துகொண்டிருப்பதில் பயனில்லை.

துணிக்குப் பாதுகாப்பு ஸ்ப்ரே அடிக்கலாமா?

அடிக்கலாம், சுத்தம் செய்து முழுதாகக் காய்ந்த பிறகு. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் இன்னும் வேலை செய்கிறது, உடனே உறிஞ்சினால் மறுபடி அடிக்கும் நேரம். கொட்டியதைத் துடைக்க அது சில நிமிடம் அவகாசம் தரும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். சீட் பெல்ட்டில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெல்ட்டுக்கு மென்சோப்பு நீர் தவிர வேறெதுவும் வேண்டாம், முழுதாகக் காய்ந்தபின்தான் உள்ளே சுருள விட வேண்டும்.

நூல் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

பையின் வெல்க்ரோ, புடவைப் பின், கொலுசு இவைதான் வழக்கமான குற்றவாளிகள். இழுக்காதீர்கள், வெட்டவும் அவசரப்படாதீர்கள். நீண்ட வளையமாக நின்றால் மெல்லிய ஊசியால் துணியின் அடிப்பக்கத்துக்குத் தள்ளிவிடுங்கள். அறுந்த நுனி என்றால் மட்டும் கத்தரியால் துணியோடு ஒட்ட வெட்டலாம். உருண்டை உருண்டையாகத் திரண்ட பிசிறை ஸ்வெட்டருக்கு வைத்திருக்கும் பிசிறு எடுக்கும் மெஷின் எடுத்துவிடும். அழுத்திப் பிடித்தால் துணியும் சேர்ந்து போகும்.

டிரைவர் சீட் ஒரு பக்கம் அமுங்கிவிட்டது. சீட்டையே மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். கதவுப் பக்கம் இருக்கும் மேடு மட்டும் தட்டையாகியிருந்தால், ஏறி இறங்கும்போது அதன்மேல் சறுக்கி உட்காரும் பழக்கம்தான் காரணம். குஷன் கடையில் அந்தத் துண்டை மட்டும் மாற்றித் தருவார்கள். நடுவில் குழி விழுந்திருந்தால் கீழிருந்து கையை விட்டுப் பாருங்கள்: ஸ்பிரிங் கம்பியோ அதன் கொக்கியோ விட்டிருந்தால் கை வழுக்கென்று உள்ளே போகும். கம்பி சரியாக இருந்தால் ஸ்பாஞ்ச் செத்துவிட்டது.

ஸ்பாஞ்ச் மாற்றும்போது கெட்டியானதாகப் போடுங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். அடர்த்தியைக் கேளுங்கள்: ஒரு கன மீட்டருக்கு 40 கிலோ, அதற்கு மேல் இருந்தால் இன்னும் நல்லது. கெட்டி வேறு, அடர்த்தி வேறு. கெட்டியான மட்ட ஸ்பாஞ்ச் முதல் மாதம் பலகை மாதிரி இருந்து, ஆறாம் மாதம் மறுபடி குழி விழும். பழைய துணியைக் கிழிக்காமல், அதைப் பிடித்திருக்கும் கம்பி வளையங்களைக் கழற்றி எடுத்து, அதையே திரும்ப மாட்டச் சொல்லுங்கள். சீட்டைக் காரிலிருந்து இறக்க வேண்டி வந்தால், பேட்டரியின் மைனஸ் இணைப்பைக் கழற்றிச் சில நிமிடம் கழித்தே மஞ்சள் இணைப்பான்களைப் பிரிக்க வேண்டும். இணைப்பு விட்ட நிலையில் இக்னிஷன் போட்டால் ஏர்பேக் விளக்கு எரிந்து நிற்கும், அதை அணைக்கத் தனியாக ஸ்கேனர் வைத்திருப்பவரைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.